தண்ணீருக்கு ஒரு சாண் மேலே

மேக்கோங் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் கிராச்செ ஊருக்கு வரும் வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்வார்கள். காலையில் படகேறி டால்பின் பார்ப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் குன்றின் படிகளில் மூச்சு வாங்க ஏறி, புத்தரைக் கும்பிடாமலே இறங்குவார்கள். சாயங்காலம் எதிர்த்தீவுக்குப் போய் சைக்கிள் மிதித்து, பம்பளிமாஸ் பழம் தின்றுவிட்டு மறுநாள் பஸ் ஏறிவிடுவார்கள். எங்கள் ஊரில் அவ்வளவுதான் இருக்கிறது என்று அவர்கள் கையில் இருக்கும் புத்தகம் சொல்கிறதாம். சொல்லிக்கொள்ளட்டும். எங்கள் நாட்டு ஜனங்களுக்குத் தெரியும், சித்திரை வெயிலில் எங்கே வர வேண்டும் என்று.

பாறைத்துறைக்கு வர வேண்டும். கோடையில் மேக்கோங் ஆறு வற்றி, பாறைகளுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு கிளைகளாகப் பிரிந்து சலசலவென்று ஓடும் இடம் அது. அந்தக் கிளைகளின் மேல் நாங்கள் மூங்கிலால் பரண் கட்டுவோம். மேலே ஓலை, கீழே பாய், மூலைக்கு ஒரு கயிற்றுத் தூளி. குடும்பம் குடும்பமாக வந்து, சுட்ட மீனும் மாங்காயும் தின்று, படுத்துத் தூங்கி, இருட்டுவதற்குள் போவார்கள். மழை தொடங்கியதும் பரண்களைப் பிரித்துவிடுவோம். புத்தாண்டின் மூன்று நாள்தான் எங்களுக்கு அறுவடை.

அங்கே இருபத்து மூன்று பரண்களில் முதலாவது தியாரியுடையது. இரண்டாவது என்னுடையது. தியாரியைப் பற்றிச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அவளுடைய இடத்தின் மேல் என்னைவிட அதிகமாகக் கண் வைத்தவர்கள் யாரும் இல்லை.

முதலிடம் ஆமைப்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும், முழங்கால் ஆழம்தான், மதியத்தில் பாறையின் நிழல் வேறு விழும். கடைசி இடம் எருமைத்துறை. பேரே சொல்லிவிடும். துறையின் வழக்கம் இது: யாருடைய பரணாவது புத்தாண்டு முடிவதற்குள் விழுந்தாலும், பிரிக்க நேர்ந்தாலும், அவர் அடுத்த வருஷம் எருமைத்துறைக்குப் போக வேண்டும். அவருக்குக் கீழே இருப்பவர்கள் ஒரு படி மேலே வருவார்கள். தியாரி எருமைச் சாணிக்கு நடுவில் இருபத்து மூன்றாவது ஆளாகத் தொடங்கியவள். பதினாறு வருஷத்தில், மற்றவர்கள் பரண் ஒவ்வொன்றாக விழ, தன் பரண் ஒருமுறைகூட விழாமல் ஆமைப்பாறைக்கு வந்து சேர்ந்தாள். புருஷன் தாய்லாந்தில் கட்டட வேலை. மூங்கில் வெட்டுவதிலிருந்து ஓலை வேய்வது வரை எல்லாம் அவள் கைதான்.

எனக்கு இரண்டாவது இடம் மாமனார் வழியாக வந்தது. நான் அதற்காக ஒரு முள்ளைக்கூட மிதித்ததில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் எல்லோரும் பரணின் தரையைத் தண்ணீருக்கு இரண்டு முழம் மேலே கட்டுவோம். தியாரி மட்டும் ஒரே ஒரு சாண் உயரத்தில் கட்டுவாள். உட்கார்ந்தபடியே காலைத் தொங்கப்போட்டால் கணுக்கால் நனையும்.

"ஏங்க்கா, உங்க பரண்ல உக்காந்தா மீன் வந்து காலைக் கடிக்குமே" என்று ஒருநாள் சீண்டினேன்.

"கடிக்கட்டும்டி. மீனைத் திங்கத்தானே வர்றாங்க? அதுவும் கொஞ்சம் பழி தீத்துக்கட்டும்."

"விளையாட்டில்லக்கா. மேல எங்கயாச்சும் அணையைத் தொறந்தா என்ன பண்ணுவீங்க?"

"மாலி, ஆத்தைப் பாக்கணும்னா ரோட்டுமேல நின்னே பாத்துட்டுப் போயிடலாம். நோம்பென்ல இருந்து அஞ்சு மணி நேரம் பஸ்ல நசுங்கி வர்றவங்க பாக்கவா வர்றாங்க? காலை நனைக்க வர்றாங்க. அவங்களைக் கொண்டுபோயி மச்சுல ஏத்தி உக்கார வச்சா, அது உன் வீடு. ஆறு இல்ல."

அவள் பேச்சு எப்போதும் இப்படித்தான், வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

கட்டும் விதமும் தனி. நாங்கள் நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போவோம். அவளோ புளியங்கட்டையை இரண்டு வருஷம் அடுப்புக்கு மேலே போட்டுக் காயவைப்பாள். அதில் விரல் நீளத்துக்கு ஆப்பு செதுக்கி, கட்டுக்குக் கட்டு அடித்து இறக்குவாள். ஒரு பரணுக்கு இருநூறு ஆப்பு. நான் என் அடுப்படியில் மூங்கில் குழாய்களில் ஒட்டரிசி சுட்டுக்கொண்டே அவள் தட்டுவதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கிறேன். பரண் கட்டுகிறாளா, பல்லக்கு செய்கிறாளா என்று என் புருஷன் கோசால் கேட்பான்.

அந்த வருஷம் புத்தாண்டுக்கு முந்தின நாள் காலையில் கோசால்தான் கரையேறி ஓடிவந்தான்.

"மாலி! தியாரி பரண் முழுகிடுச்சு!"

மேலே எங்கோ தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள். விடிவதற்குள் இரண்டு சாண் ஏறியிருக்கிறது. எங்களுடைய தரைகள் எல்லாம் உயரத்தில் உலர்ந்து நிற்க, தியாரியின் தரைக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. துறையில் இதற்குச் சட்டம் உண்டு: தரைக்கு மேல் தண்ணீர் ஏறிய பரணைப் புத்தாண்டுக்கு முன்னால் பிரித்துவிட வேண்டும். முன்பொரு வருஷம் அப்படி ஒரு பரண் கழன்று போய்க் கீழே இருந்த பரணில் மோதி, ஒருவர் கால் ஒடிந்தது. அதற்குப் பிறகு வந்த சட்டம்.

எனக்கு சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன். ஆமைப்பாறை நிழலில் என் பாயை விரித்து, என் சாமான்களை எங்கெங்கே வைப்பது என்பது வரைக்கும் மனசு கணக்குப் போட்டுவிட்டது. சுட்டுக்கொண்டிருந்த ஒட்டரிசியை அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன். எட்டுக் குழாய் கருகிப் போனது பிறகுதான் தெரிந்தது.

தியாரி தன் பரணின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் அவள் இடுப்பைச் சுற்றி ஓடியது.

"என்னக்கா, குளியலா, சாப்பாடா?"

"ரெண்டும்தான். நீயும் வா, கஞ்சி இருக்கு."

துறைத் தலைவர் சாரோன் அதற்குள் வந்துவிட்டார். முன்பு படகோட்டியவர், கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். பின்னால் வெட்டுக்கத்தியோடு நாலு பேர். மற்ற பரண்காரர்கள் பாறைகள்மேல் ஏறி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"தியாரி, எந்திரி. பிரிக்கணும்."

"எதுக்குண்ணே?"

"எதுக்கா? உன் தரை எங்க இருக்குன்னு காட்டு பாப்போம்."

"எனக்குக் கீழதான் இருக்கு. இல்லேன்னா நான் எதுமேல உக்காந்திருக்கேன்?"

பாறைமேல் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சாரோன் சிரிக்கவில்லை.

"சட்டம் உனக்கும் தெரியும். நீதான் கை தூக்குன முதல் ஆளு."

"ஆமா, தூக்குனேன். எதுக்குப் போட்டோம் அந்தச் சட்டத்தை? பரண் கழண்டுபோயி கீழ இருக்குறவங்க மேல மோதக் கூடாதுன்னு. கழலும்னா பிரிங்க. கழலலேன்னா எதுக்குண்ணே பிரிக்கணும்?"

"கழலாதுன்னு சொல்றது யாரு, நீயா? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு."

"நான் சொல்ல வேண்டாம்" என்றாள் தியாரி. பிறகு என்னைப் பார்த்தாள். "மாலி சொல்லட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இது போனா இந்த எடம் அவளுக்குத்தான் வரும். இங்க இருக்குறவங்கள்ல இது விழணும்னு நெனைக்கிற முதல் ஆளு அவதான். தப்பா சொல்லல மாலி, உன் எடத்துல நான் இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பேன். நீ வந்து ஆட்டிப் பாரு. உன் பலம் பூரா போட்டு ஆட்டு. ஒரு ஆப்பு அசைஞ்சாலும் நானே பிரிக்கிறேன். அடுத்த வருஷம் எருமைத்துறையில போயி உக்காந்துக்கறேன்."

குரலில் ஒரு பிசிறு இல்லை. கிண்ணத்தை எடுத்து இன்னொரு வாய் கஞ்சி குடித்தாள். பதினாறு வருஷத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுக் கஞ்சி குடிப்பது லேசான காரியமா?

சாரோன் யோசித்தார். விசிலைக் கொஞ்ச நேரம் உருட்டினார். "சரி மாலி, ஏறு" என்றார்.

நான் ஒன்றும் துரும்பு இல்லை. அரிசி மூட்டையைத் தனியாக இறக்குகிறவள். இடுப்புத்துணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். முதலில் நடுவில் நின்று குதித்தேன். தண்ணீர் நாலு பக்கமும் தெறித்தது, கரையில் நின்றவர்கள் மேலெல்லாம் அடித்தது, தரை அசையவில்லை. நீரோட்டம் முட்டும் மூலைக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். தள்ளினேன். தோளால் முட்டினேன். கோசாலின் கண் என்மேலேயே இருந்தது. 'இன்னும் பலமா' என்று அது சொல்லியது. நானும் அப்படித்தான் நினைத்தேன். விழு, விழு என்று வாய்க்குள் சொன்னேன். என் சாமி அன்றைக்கு எந்தப் பக்கம் நின்றதோ தெரியாது.

கடைசியில் தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு கட்டில் இருந்த ஆப்பைத் தடவினேன். காய்ந்த புளியங்கட்டை ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடித்து ஊதிப்போயிருந்தது. ஆப்புக்கும் மூங்கிலுக்கும் நடுவே நகத்தைக்கூட நுழைக்க முடியவில்லை. நனைய நனைய இறுகும் கட்டு அது. எங்கள் நைலான் கயிறோ நனைந்தால் வழுக்கும். அந்த ஆற்றில் அன்றைக்கு எது பத்திரமான பரண் என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நிமிர்ந்தேன். மூச்சு வாங்கியது. அசைகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் வந்து சோதித்துப் பார்க்கப் போவதில்லை. தியாரிகூட மறுத்துப் பேசியிருக்கமாட்டாள், என் வார்த்தையை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டாளே.

"அண்ணே, நிக்குது" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"இதை விழவைக்க என்னைவிட ஆசைப்பட்ட ஆளு இந்த ஆத்தங்கரையில உண்டா? நிக்குதுண்ணே. என் பரணைத்தான் போயி ஆட்டிப் பாக்கணும்போல இருக்கு."

கோசால் தலையில் கையை வைத்துக்கொண்டான். சாரோன் கம்பத்தில், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, கத்தியால் ஒரு கீறல் போட்டார். "இது வரைக்கும் ஏறுச்சுன்னா யார் என்ன சொன்னாலும் பிரிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தியாரி மிச்சக் கஞ்சியைக் குடித்து முடித்தாள்.

மறுநாள் புத்தாண்டு. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில், பாறையில் முட்டையை உடைத்து ஊற்றினால் வெந்திருக்கும். நோம்பென்னிலிருந்து வந்த முதல் குடும்பம் முழுகிக் கிடந்த பரணைப் பார்த்துத் தயங்கியது. பிள்ளைகள் தயங்கவில்லை. தொப்பென்று அதில் குதித்து உட்கார்ந்துவிட்டன. பின்னாலேயே அம்மா, அப்பா, சித்தி எல்லோரும். இடுப்பளவு ஓடும் தண்ணீரில் உட்கார்ந்து, நடுவில் ஒரு குட்டை மேசையைப் போட்டு, அதில் மீனை வைத்துத் தின்னத் தொடங்கினார்கள். அதுவரை யாரும் பார்க்காத காட்சி. பத்து மணிக்குள் துறை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு சாரோனின் மாமியாரே வந்து இறங்கினார். பெரிய உடம்புக்காரி. மருமகனின் பரண் உலர்ந்து காத்துக்கிடக்க, தியாரியின் தண்ணீரில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, "சாயங்காலம் வரைக்கும் என்னை யாரும் கூப்பிடக் கூடாது" என்று சொல்லிவிட்டார். சாரோன் தூரத்திலிருந்து விசில் அடித்துப் பார்த்தார். மாமியார் திரும்பவே இல்லை.

என் பரணில் இருந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராக நழுவினார்கள். நான் வைத்துக்கொடுத்த மீன் தட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்கள். வயிறு எரிந்தது. வாய் விட்டுத் திட்டினேன், யாருக்கும் கேட்கவில்லை. மத்தியானம் வேறு வழியில்லாமல் ஒட்டரிசிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நானும் அங்கேதான் போனேன்.

"வந்துட்டியா?" என்று தியாரி நகர்ந்து இடம் கொடுத்தாள். அவ்வளவுதான். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்கும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தண்ணீர் இறங்கித் தரை மேலே வந்தது. "என்னம்மா, தண்ணியை எடுத்துட்டீங்களே" என்று ஒருவர் வருத்தப்பட்டார். "அடுத்த வருஷம் வாங்க, ஆத்துகிட்ட சொல்லி வைக்கிறேன்" என்றாள், அதுவும் தன் சொல்படிதான் நடக்கும் என்பதைப்போல.

அடுத்த வருஷம் துறையில் பாதிப் பேர் ஒரு சாண் உயரத்தில் பரண் கட்டினார்கள், அதே நைலான் கயிற்றால். தண்ணீர் ஒரு சாண் ஏறுவதற்குள் மூன்று பரண் ஆட்டம் கண்டது, மூன்று பேர் எருமைத்துறைக்குப் போனார்கள். நான் என் இரண்டு முழத்திலேயே நின்றேன். ஆசைக்கும் ஒரு அளவு வேண்டும்.

இப்போதும் நான் இரண்டாவது இடத்தில்தான் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் முதலில் என்னிடம்தான் கேட்பார்கள், அந்த முதல் பரண் ரொம்பத் தாழ்வாக இருக்கிறதே, ஆற்றோடு போய்விடாதா என்று.

"போகாது" என்பேன். "நானே ஆட்டிப் பாத்திருக்கேன்."