இலவச சுருதி

எனக்கு இசை பிடிக்கும். அதற்குக் காசு கொடுப்பதுதான் பிடிக்காது. விழுப்புரத்தில் இத்தனை வருடமாக நான் கேட்ட கச்சேரிகள் எல்லாம் கோயில் திருவிழாவிலும் அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்திலும் கேட்டவைதான். கல்யாணக் கச்சேரியில் சாப்பாடும் உண்டு என்பதால் அதன்மேல் ஒரு படி கூடுதல் மரியாதை வைத்திருக்கிறேன்.

ஆகவே, புதுச்சேரியில் ஜூன் மாதம் ஒரு நாள் தெருத்தெருவாகப் பாட்டு நடக்கும், யாரும் பாடலாம், யாரும் நின்று கேட்கலாம், காசே கிடையாது என்று என் சகலை போனில் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பிரெஞ்சு நாட்டு வழக்கமாம். நம்மை ஆண்ட ஆங்கிலேயர்கள் ரயிலை விட்டார்கள், கோர்ட்டைத் திறந்தார்கள், இப்படி ஒன்று செய்யத் தோன்றவில்லையே என்று வருத்தப்பட்டேன்.

சகலை என்றால் என் மனைவியின் அக்காள் கணவர். பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். அந்த ஊர் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, மாதாமாதம் யூரோவில் பென்ஷன் வாங்குகிறார். ரெட்டியார்பாளையத்தில் மாடி வீடு. அவர் மனைவி, மகளின் பிரசவத்துக்காகப் பிரான்ஸ் போயிருந்தார். ஒரு அறை முழுதாகக் காலி. தங்கவும் செலவில்லை.

ஆனால் நாங்கள் போனது கேட்பதற்காக இல்லை. என் மனைவி பாடுவதற்காக.

அவள் கல்யாணத்துக்கு முன் ஒன்பது வருடம் முறையாகப் பாட்டு கற்றவள். பெண் பார்க்கப் போனபோது பாடச் சொன்னோம், பாடினாள். அதன்பிறகு இருபத்திரண்டு வருடம் எங்கள் வீட்டில் யாரும் அவளைப் பாடச் சொல்லவில்லை. யாருக்கும் விரோதம் இல்லை. பானையை வாங்கி வந்த பிறகு யாரும் மறுபடி தட்டிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

சகலைதான் அவளைக் கேட்காமலேயே பேர் கொடுத்துவிட்டார். ஒரு தெருமுனையில் பதினைந்து நிமிடம். இரண்டு நாள் அவரைத் திட்டினாள். மூன்றாம் நாள் விடியற்காலையில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள்.

"தொண்டை இருக்குதா போயிடுச்சான்னு எனக்குத் தெரியணும்ங்க," என்றாள் என்னிடம். "நாலு பேரு முன்னால பாடினாத்தான் தெரியும். போயிடுச்சுன்னா வுட்டுர்றேன். அப்பறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

பாடுகிறவர்களுக்குச் சுருதி வேண்டும். மாடிப்படிக்குக் கைப்பிடி மாதிரி, அது பின்னால் ஒரே சீராக ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சுருதிப் பெட்டி பரணில் கிடந்து எலி கடித்துச் செத்துவிட்டது. "புதுசு ஒண்ணு வாங்கலாமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் அப்போதே என் போனில் ஒரு சுருதி ஆப்பை இறக்கிக் கொடுத்தேன். தம்புரா சத்தம் அச்சு அசலாக வந்தது. திறக்கும்போதெல்லாம் வருடச் சந்தா கட்டச் சொல்லி ஒரு பெட்டி வரும். இரண்டு பிளேட் பரோட்டா விலைதான். நான் 'பிறகு பார்க்கலாம்' என்பதைத் தொட்டுவிடுவேன். ஒரு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. என் போனில் டேட்டா எப்போதும் அணைந்தேதான் இருக்கும் என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். அதைத் திறந்து வைத்தால் சொட்டும் குழாய் மாதிரி என்பது என் கொள்கை.

அன்று காலை சகலை வீட்டில் பேக்கரியிலிருந்து வந்த நீள ரொட்டியும் வெண்ணெயும். இரண்டாவது ரொட்டியையும் நான்தான் முடித்தேன். மத்தியானத்துக்கு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சாதத்தைப் பூங்காவில் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கடற்கரைப் பக்கம் ஒரு காபிக் கடையின் விலைப் பலகையைப் படித்தேன். அதைப் படித்ததற்கே பில் போட்டுவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் ஊர் ஊராக வந்தவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குக் காசு கேட்க யாருக்கும் இன்னும் தோன்றவில்லை என்பதால் நாங்களும் நான்கு எடுத்துக்கொண்டோம். அவள் படத்தில் சிரிக்கவில்லை. மத்தியானத்திலிருந்தே தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லை அவளுக்கு.

ஐந்து மணிக்குப் பெரிய மார்க்கெட்டில் மல்லிகை வாங்கப் போனோம். பூக்கார அம்மாள் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டேன். எங்கே போகிறீர்கள் என்று அவள் கேட்க, என் மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"பாடப் போவுதா?" பூக்காரம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பாடப் போற பொம்பளைக்கா இவ்ளோ பேரம் பேசற? இந்தா, வச்சிக்கம்மா. அவுருகிட்ட காசு வேணாம்."

இரண்டு முழம் சும்மா கிடைத்தது. அதில் எனக்கு ஒரு அவமானமும் தெரியவில்லை என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

சகலை ஸ்கூட்டரில் முன்னால் போய்விட்டார். "ஆட்டோவுல வந்துடுங்க சகலை, அது பாடணும், வேர்த்து விறுவிறுத்துக்கினு வரக் கூடாது," என்று சொல்லித்தான் போனார். ஆட்டோக்காரர் சொன்ன தொகையைக் கேட்டு நான் அவரோடு ஒரு சிறு விவாதம் செய்துவிட்டு, நடப்பது என்று முடிவெடுத்தேன். பக்கம்தான். வழி கேட்டால் மறுபடி ஆட்டோக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும். அது நமக்குக் கௌரவம் இல்லை. வரைபடம் பார்ப்பதற்காக டேட்டாவைத் திறந்தேன்.

வாய்க்காலைத் தாண்டியதும் தெருவுக்குத் தெரு கூட்டம். ஓரிடத்தில் கிட்டார், ஓரிடத்தில் பறை, ஓரிடத்தில் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் அக்கார்டியனை இழுத்துக்கொண்டிருந்தார். எங்கள் முனையில் காகிதப்பூ படர்ந்த சுவர் ஓரம் ஒரு மைக், ஒரு நாற்காலி, ஒரு பாய். ஐம்பது பேராவது இருப்பார்கள். ஏற்பாடு செய்திருந்த பெண் என் போனை வாங்கி, மைக்குக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்தாள். நான் ஆப்பைத் திறந்து, வழக்கம்போல 'பிறகு பார்க்கலாம்' தொட்டுவிட்டு, பெருமையோடு ஒதுங்கி நின்றேன்.

அவள் கல்யாணி ராகத்தை ஆரம்பித்தாள். முதல் ஒரு நிமிடம் குரல் நடுங்கியது. அவள் கை புடவை நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தது. பிறகு மெல்ல மெல்லக் கை விட்டது. தரையில் உட்கார்ந்திருந்த ஒரு வெளிநாட்டு ஜோடி பேசுவதை நிறுத்தியது. சகலை ஹெல்மெட்டைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். அவள் படிப்படியாக ஏறி மேல் ஸ்தாயி சட்ஜத்தில், அந்த உச்சி 'ஸ'வில், போய் நின்றாள். தெருவே அவளோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. இந்தக் குரலையா நாங்கள் தக்காளி வாங்கிட்டு வாங்க, வெந்நீர் வச்சாச்சு என்று சொல்ல மட்டுமே வைத்திருந்தோம்?

அப்போது என் போன் பேசியது.

"மலச்சிக்கலா? மூன்று நாள் ஆகிறதா? கவலையை விடுங்கள்."

மைக் வழியாக, ஸ்பீக்கர் வழியாக, வாய்க்கால் வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு கணம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. பிறகு தெரு வெடித்துச் சிரித்தது. சகலை "மோன் தியே" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுத் தலையில் கைவைத்தார். நான் பாய்ந்து ஓடினேன். விளம்பரத்தைத் தள்ளிவிட ஐந்து நொடி காத்திருக்க வேண்டும் என்று திரையில் எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அந்த ஐந்து நொடியில் ஒரு பொடி, அதன் மூலிகைகள், அதைச் சாப்பிட்ட ஒருவரின் பூரிப்பு எல்லாவற்றையும் புதுச்சேரி கேட்டது. கடைசியில் மூலையில் இருந்த கடுகளவு பெருக்கல் குறியைத் தொட்டேன். விரல் தவறி அந்தப் பொடி விற்கும் பக்கம் திறந்துகொண்டது. தம்புராவும் செத்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் பாடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அது கோபம் இல்லை. இதுதான் வரும் என்று ரொம்ப நாளாகத் தெரிந்து வைத்திருந்தவள் பார்க்கிற பார்வை. எனக்கு நின்ற இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கைப்பிடி இல்லை, ஒன்றும் இல்லை. சிரிப்பு இன்னும் முழுதாக அடங்காத தெருவில், விட்ட இடத்தை, அதே மேல் சட்ஜத்தை எடுத்தாள். சிரித்தவர்கள் பாதிச் சிரிப்பில் நின்றார்கள். அங்கிருந்து அவள் இறங்கி வந்தாள், அவசரமே இல்லாமல்.

நான் மடையன், உதவி செய்ய நினைத்தேன். குனிந்து உட்கார்ந்து, வேர்த்த விரலோடு ஆப்பை மறுபடி திறந்தேன். தம்புரா ஒலிக்க ஆரம்பித்தது. அவள் குரல் அதன்மேல் ஒரு மயிரிழை விலகாமல் பொருந்தி நின்றது. பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெரியவர் "ஆகா" என்றார். எனக்கு ஒரு அரை நொடி நிம்மதி. அவள் கண்ணைத் திறக்கவில்லை. வலது கையை மட்டும் என் பக்கம் நீட்டி, ஈயை விரட்டுவதுபோல இரண்டு தடவை அசைத்தாள்.

அணைத்தேன். பையில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றேன். மிச்சம் முழுவதையும் அவள் தனியாகவே பாடினாள்.

முடிந்ததும் அவளைச் சுற்றி ஆட்கள். ஏற்பாடு செய்த பெண், மாதக் கடைசியில் தங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு மணி நேரம் பாட வர முடியுமா என்று கேட்டாள். நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். எங்கள் வீட்டில் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு நான்தான் பதில் சொல்வது.

"வரேம்மா," என்றாள் அவள், என்னைத் திரும்பிப் பார்க்காமலே. சகலை இரண்டு கைகளையும் தட்டினார்.

திரும்பும்போது சகலை ஆட்டோ பிடித்தார். நான் விவாதம் செய்யவில்லை. தலையில் பூவோடு அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் முகம் பெண் பார்க்கப் போன அன்று பாடி முடித்தபோது இருந்த மாதிரி இருந்தது. அன்று அவளுக்கு முன்னால் நான் இருந்தேன்.

"நல்லாப் பாடினே," என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. தெரிந்தேதான் சொன்னேன்.

"ம். இருக்குது தொண்டை." பிறகு, சாதாரணமாக, உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். "மாசக் கடைசிக்கு நீங்க வர வேணாங்க. நான் தனியாவே வந்துக்கிறேன்."

சரி என்றேன்.