அடுத்தவர் கைபேசியில் என் வகிடு

இரண்டாவது பிள்ளை பிறந்து நான்கு வருடமாகியும் எனக்கு முடி கொட்டுவது நிற்கவில்லை. வகிடு விரல் அகலத்துக்கு விரிந்துவிட்டது. பூ வைத்தால் ஊசி நிற்காது. திண்டிவனத்தில் பேருந்து ஏறி, விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மல்லிகைச் சரம் தோளில் தொங்கும். ஆண்களுக்கென்றால் நாலு பேர் கேலியோடு போய்விடும். பெண்ணுக்கு வழுக்கை என்று யாரிடம் போய்ச் சொல்வது? எனக்கு அவமானமாக இருந்தது.

விழுப்புரத்தில் ஒரு தோல் மருத்துவர் லென்ஸ் வைத்து என் உச்சந்தலையைப் பார்த்தார். பெண்களுக்கும் பரம்பரையாக வரும் என்றார். தினமும் தலையில் தடவ ஒரு லோஷன் எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் குறைகளையும் அவரே சொன்னார். முதல் சில வாரம் இன்னும் கொட்டுமாம், பயப்படக் கூடாதாம். ஆறு மாதமாவது பொறுக்க வேண்டுமாம். சிலருக்குப் பலனே இருக்காதாம். நிறுத்தினால் வந்த முடியும் போய்விடுமாம். இவ்வளவுக்கும் பிறகு வேண்டுமா வேண்டாமா என்று நான்தான் முடிவு செய்ய வேண்டுமாம். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மருந்து எழுதுகிறவரே இப்படிப் பேசினால் யாருக்கு வாங்கத் தோன்றும்?

அன்றே என் தோழிக்குப் போன் போட்டேன். மயிலத்தில் கல்லூரியில் படித்தபோது மூன்று வருடம் ஒரே விடுதி அறை. அப்போது என் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். தினமும் காலையில் அவள்தான் பின்னிவிடுவாள், வகுப்புக்கு நேரமானாலும் பாதியில் விடமாட்டாள். இப்போது அனந்தபுரத்தில் வீட்டிலேயே மூலிகை எண்ணெய் காய்ச்சி, கைபேசி வழியாக விற்றுக்கொண்டிருந்தாள்.

"அந்த லோஷன் பக்கமே போவாத. காலம் பூரா தடவிக்கினே இருக்கணும், உட்டா எல்லாம் கொட்டிப்பூடும். நம்ம எண்ணெயப் போடு. உனக்குக் கெடுதல் பண்ணுவனாடி நானு?" என்றாள்.

காசு வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். மாதம் ஒருமுறை உச்சந்தலையைப் படமெடுத்து அனுப்பினால் போதுமாம், பார்த்துப் பக்குவத்தை மாற்றித் தருவாளாம். நான் உருகிப்போனேன். இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்வார்கள் என்று கணவரிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

ஒரு வருடம் தடவினேன். மாதத்தின் முதல் ஞாயிறு ஜன்னலோரம் குனிந்து உட்காருவேன், மகள் படமெடுப்பாள். தலையணை உறையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. முடி மட்டும் வரவில்லை. கேட்டால், முன்னால் பூனைமுடி தெரிகிறது, உனக்குத்தான் பொறுமை இல்லை என்பாள். நானும் கண்ணாடி முன் நின்று இல்லாத பூனைமுடியைத் தேடுவேன். சொன்னது அவளாயிற்றே.

ஒரு சாயங்காலம் விழுப்புரத்திலிருந்து திரும்பும் பேருந்தில் பக்கத்தில் ஓர் அம்மா உட்கார்ந்தார். ஓமந்தூர்க்காரர். மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்களாம், அவளுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதாம். ஓர் எண்ணெய் வாங்கலாமா, நான் படித்தவள் மாதிரி இருக்கிறேனாம், பார்த்துச் சொல்லுங்கள் என்று கைபேசியை நீட்டினார்.

திரையில் இரண்டு படங்கள். இடப்பக்கம் ஒரு வெளுத்த வகிடு, பின்னால் ஜன்னல் கம்பியில் என் மகள் ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். வலப்பக்கம் விடுதிப் படிக்கட்டில், மஞ்சள் சுடிதாரில், முதுகு காட்டி நிற்கும் நான். தோழி பின்னி, அவளே எடுத்த படம். கீழே 'ஆறே மாதத்தில்' என்று எழுதியிருந்தது. பதினைந்து வருடத்துக்கு முந்தைய என் முடி, அவள் எண்ணெயில் முளைத்ததாம். அடிப்பாவி!

வாங்காதீர்கள் என்றேன். நீங்கள் போட்டுப் பார்த்தீர்களா என்று அவர் கேட்டார். சும்மா தலையாட்டிவிட்டு இறங்கியிருக்கலாம். கூசியது. ஆனால் அந்த அம்மாவின் மகளும் ஒரு வருடம் ஏமாற வேண்டுமா? வகிட்டை மறைத்திருந்த கிளிப்பைக் கழற்றிக் குனிந்தேன்.

"இந்தத் தலதாம்மா அது."

அவர் என் தலையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு, திண்டிவனம் வரும்வரை என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

பேருந்து நிலையத்தில் இறங்கியதும் தோழியைப் போனில் கூப்பிட்டேன். விளம்பரத்தில் என் படத்தைப் பார்த்ததைச் சொன்னேன். "உன் மூஞ்சி தெரியலியேடி?" என்றாள்.

படத்தை விடு, டாக்டர் கொடுத்த மருந்தை ஏன் வேண்டாம் என்றாய் என்று கேட்டேன்.

"நீ அதையும் தடவிக்கினு இருந்தா, முடி நம்ம எண்ணெயாலதான் வந்துச்சுன்னு நான் எப்படிடி சொல்றது?"

அதாவது யோசித்துத்தான் தடுத்திருக்கிறாள். எத்தனையோ காலை என் தலையில் சிக்கெடுத்த கை அது. என் தலையின்மேல் அவளுக்கு எனக்கில்லாத அக்கறை என்று நினைத்திருந்தேனே! போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் அதே மருத்துவரிடம் போனேன். ஒரு வருடம் முன்பே தொடங்கியிருக்கலாம், இப்போது கொஞ்சம் கஷ்டம்தான் என்றார். மூன்று மாதமாக அந்த லோஷனைத் தடவி வருகிறேன். முடி வருமா வராதா, தெரியவில்லை. வராமல் போகலாம் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னவர் கொடுத்தது. அதனால் தடவுகிறேன்.