ஒன்பதாம் நம்பர் மலைக் கங்காணி

என் அண்ணி சண்முகவடிவு கங்காணி. மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆண்களே பார்த்துவந்த அந்த வேலையை முதலில் வாங்கிய பெண் அவர்தான். நாற்பது பேர் கொழுந்து பறிக்கும் மலையில் நிரை நிரையாக ஏறி இறங்கி, கூடையில் முற்றின இலை விழுந்தால் அங்கேயே பிடித்துவிடுவார். நாத்தனார் என்று எனக்குச் சலுகை கிடையாது. இரண்டு ஏச்சு கூடத்தான் கிடைக்கும்.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு அவருடைய இடது கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து, அந்த அடைப்பு அப்படியே நிலைத்துவிட்டது. சமதரையில் சமாளிப்பார். மேட்டில் கொஞ்ச தூரம் ஏறினால் தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை வெடிப்பதுபோல் இறுகும். காலை உயர்த்தி வைத்தால்தான் தணியும். மலையில் அதைச் செய்ய அவருடைய கௌரவம் விடவில்லை. வலி வந்தால் யாராவது ஒருத்தியின் கூடையைப் பார்த்து ஏசிக்கொண்டே நின்றுவிடுவார். நல்ல கொழுந்துக்கும் ஏச்சுதான். எங்களுக்கு அது புரிந்திருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

மலை வேலைகளைக் கவனிக்கும் கண்டாக்கையாவுக்கும் விஷயம் எட்டியது. திங்கட்கிழமை ஒன்பதாம் நம்பர் மலைக்கு ஆட்களோடு ஏற முடியாவிட்டால், பிள்ளைக் காம்பராவில் குழந்தை பார்க்கப் போகச் சொல்லிவிட்டார். அன்று அண்ணி சாப்பிடவில்லை.

நான்தான் அவரைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனேன். முன்பு தந்த இறுக்கமான காலுறையை நர்ஸ் இழுத்துப் பார்த்தார். அது தொளதொளவென்று தொங்கியது. எங்கே காயப்போட்டீர்கள் என்று கேட்டார். மழைக்காலத்தில் எங்கள் லயத்து வீடுகளில் எல்லாம் அடுப்புக்கு மேலேதான் காயும். நாலு மாதமாக அண்ணி அதைச் சூட்டிலேயே வதக்கி வைத்திருக்கிறார். நர்ஸ் சிரித்துவிட்டு வேறொன்று தந்தார். காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முன்பே போடவேண்டும், வலித்தால் காலைத் தூக்கிவைத்துவிட்டு மறுபடி நடக்கவேண்டும், நடப்பதை மட்டும் விடக்கூடாது என்றார்.

திங்கட்கிழமை பாதி மலை வரை நிற்காமல் ஏறினார். எனக்கே ஆச்சரியம். அதற்குமேல் கால் இறுகியது. ஏசுவதற்கு வாயைத் திறந்து என் கூடையைப் பார்த்தார். இன்னும் ஒரு கொழுந்துகூடப் பறிக்காத வெறுங்கூடை. மேலே கண்டாக்கையா பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணி அங்கேயே புல்லில் மல்லாந்து, காலைத் தூக்கிப் பாறைமேல் வைத்தார்.

"காலு ரத்தக்கொழாய் அடச்சிருக்குங்கய்யா. அஞ்சு நிமிஷம் இப்படி வச்சா நடந்துருவேன்."

நாங்கள் நாற்பது பேரும் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். யாரும் சொல்லி உட்காரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்தார்.

"எந்திரிங்கடி. ஒங்க காலு நல்லாத்தானே இருக்கு."

கண்டாக்கையா ஒதுங்கி வழிவிட்டார். அண்ணி முன்னால் நடந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

மலை உச்சியில் நாங்கள் பறிக்கத் தொடங்கியதும் என் கூடைக்குள் கைவிட்டு ஓர் இலையை எடுத்து, ஊருக்கே கேட்கும்படி ஏசினார். பயந்துபோய் அவருடைய காலைப் பார்த்தேன். கால் நன்றாகத்தான் ஊன்றியிருந்தது. இலைதான் முற்றினது.