சிவப்புத் திருகு

கிளப்பில் அவளுக்குப் பெயர் சவுண்டு அக்கா. ஹாலின் பின்சுவரை ஒட்டிய மேசையில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்கு முன்னால்தான் பல வருஷமாக அவள் பிழைப்பு. மேடையில் யார் கத்தினாலும் கொஞ்சினாலும் அவள் விரலைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். இத்தனை வருஷத்தில் அம்மா ஒரு தடவைகூட அங்கே எட்டிப் பார்த்ததில்லை. கூப்பிட்டால் முட்டி வலி, இல்லாவிட்டால் தலைவலி. இன்றைக்குத் தங்கை, சின்னவள், பாடுகிறாள் என்றதும் முட்டி வலி போன இடம் தெரியவில்லை. இருப்பதிலேயே நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு, கதவு திறக்கும் முன்பே வந்து நின்றுவிட்டாள்.

வயிறு எரியாமல் என்ன செய்யும்? சின்னவளுக்குக் கிடார் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே பெரியவளான இவள்தான். அதை இப்போது யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

அந்த ஹாலில் எல்லோரும் நின்றுகொண்டுதான் பாட்டுக் கேட்பார்கள். இருந்த ஒரே நாற்காலியை மிக்ஸருக்குப் பக்கத்தில் போட்டு அம்மாவை உட்கார வைத்தாள்.

முதலில் பங்க் ராக் கோஷ்டி. நாலு பையன்கள், உலகத்தின் மேல் இருந்த கோபத்தையெல்லாம் டிரம்ஸ் மேல் காட்டினார்கள். அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். பாடுகிறவர்களுக்குத் தங்கள் குரல் கேட்பதற்காகக் காலடியில் ஒரு ஸ்பீக்கர் இருக்கும். பாட்டுக்காரப் பையன் அதைக் காட்டிக் காட்டி, "அக்கா, இன்னும் ஏத்துங்க!" என்று உயிரை வாங்கினான். ஏற்கெனவே முழுக்க ஏற்றியாகிவிட்டது. அவள் கை கோடியில் இருந்த சிவப்புத் திருகுக்குப் போனது.

"இப்ப?"

"இப்ப செம!"

அம்மா ஒரு காதுப் பஞ்சை எடுத்தாள். "என்னத்தடி திருப்பினே?"

"அது சும்மாம்மா. எதுக்கும் இணைப்பே கிடையாது. தொல்லை பண்றவங்களுக்குன்னே வச்சிருக்கேன். திருப்பறத பாத்தாலே அவங்களுக்குக் கேட்டுடும்."

அம்மா மேடையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினாள். அம்மாவுக்கு எங்கே புரிந்திருக்கப் போகிறது என்று பெரியவள் விட்டுவிட்டாள்.

அடுத்து சின்னவள், தனியாக, ஒரே ஒரு கிடாரோடு. அவள் மேடையேறியதுமே அம்மா இரண்டு காதுப் பஞ்சையும் எடுத்துப் பையில் போட்டாள். அந்தப் பஞ்சைப் பார்த்துத்தான் பெரியவளுக்குப் பற்றிக்கொண்டது.

முதல் பாட்டின் நடுவிலேயே சின்னவள் குனிந்து காலடியைக் காட்டினாள். "அக்கா, என் குரல் எனக்கே கேக்கல. கொஞ்சம் கூட்டேன்."

காலடி ஸ்பீக்கரை நிஜமாகவே ஏற்றும் நீலத் திருகு விரலுக்கு அடியிலேயே இருந்தது. அரைச் சுற்று போதும். அவள் அதை விட்டுவிட்டுக் கோடிக்குப் போய்ச் சிவப்பைத் திருப்பினாள். பெரிதாக ஒன்றும் திட்டம் போடவில்லை. ஒரே ஒரு பாட்டு சொதப்பட்டுமே என்றுதான் இருந்தது.

"தேங்க்ஸ்க்கா," என்று சின்னவள் சிரித்தாள். அடுத்த பாட்டில் சுருதி கீழே இறங்கிற்று. தன் குரலைத் தேடித் தேடிப் பாடினாள். கூட்டம் பேச ஆரம்பித்தது. பின்னாலிருந்து ஒருவன் விசிலடித்தான். பெரியவளுக்கு முதலில் நன்றாகத்தான் இருந்தது.

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கண் மேடையில் இல்லை, மிக்ஸரில் இருந்தது.

"அது சும்மான்னுதானேடி சொன்னே?"

பெரியவளுக்கு முகம் சுட்டது. நீலத்தைத் திருப்பினாள். சின்னவள் நிமிர்ந்தாள், குரல் ஏறி உட்கார்ந்தது, பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். அம்மா அப்போதும் மேடைப் பக்கம் திரும்பவில்லை. மகளின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பாடி முடித்து இறங்கியதும் டான்ஸ் பாட்டு தொடங்கித் தரை அதிர்ந்தது. சின்னவள் ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். "நடுவுல ஏத்தினே பாரு, அப்பதான்க்கா உயிரே வந்துச்சு!"

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா எதையும் போட்டு உடைக்கவில்லை. "அக்கா இருக்கறப்ப உனக்கென்ன?" என்று மட்டும் சொன்னாள்.

கிளம்பும்போது பெரியவளிடம் திரும்பி, "அடுத்த வாரமும் வரேன். நாற்காலிய இங்கயே போட்டு வை," என்றாள்.

"அடுத்த வாரம் அவ பாடலம்மா."

"யாரோ பாடிட்டுப் போகட்டும். நான் உன் பக்கத்துலதான் உக்காருவேன்."

இத்தனை வருஷமாக அவள் ஏங்கியது இந்த வார்த்தைக்குத்தான். இப்போது அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.