நீலத் துணிக்குள் இரண்டு தலைகள்

வறண்ட கண்மாயில் வருஷாவருஷம் கிரிக்கெட் போட்டி நடத்தும் ஒரு ஊருக்குப் போய் முதல் வருஷம் நான் எடுத்த படங்களை, அந்த உள்ளூர் டீம் கேப்டன் என் ஸ்டுடியோ மேஜைமேல் விட்டெறிந்தான். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்திருந்த ஒரு குடும்பம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"இது எங்க டீமாக்கா, இல்ல கரிமூட்டமா? இதுல மூஞ்சி எது, முதுகு எதுன்னு நீங்களே காட்டுங்க பாப்போம்."

எனக்குச் சட்டென்று பேச்சு வராது. பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இத்தனை வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாளில் நான் அதிகம் சொல்வது "தலையைக் கொஞ்சம் நிமித்துங்க" என்பதுதான். அவன் சொன்னது பொய்யில்லை. படங்களில் பந்து வெள்ளைக் கோடாக இழுத்துக்கொண்டு போனது. மட்டை புகைபோல இருந்தது. எல்லா முகமும் கறுத்து, பல் மட்டும் தெரிந்தது.

அசையாமல் இருப்பவர்களை எடுத்தே பழகிய கை இது. கல்யாணத்தில் கூட்டம் மறைத்தால் மாப்பிள்ளையைத் தாலிமேல் இன்னொரு தடவை கையை வைக்கச் சொல்லிவிடலாம். அந்தப் பழக்கத்தில் கண்மாயிலும் பந்து போடுகிறவனிடம், "தம்பி, இன்னொரு தடவை அதே மாதிரி ஓடி வாங்க" என்று கேட்டுவிட்டேன். மைதானமே சிரித்தது. அதற்குப் பிறகு எவனாவது பந்தைக் கோட்டைவிட்டால், "போட்டோக்கார அக்காட்ட சொல்லு, இன்னொரு தடவ போடச் சொல்லுவாக" என்று கத்தினார்கள்.

அந்தச் சிரிப்பின்மேல் எனக்கு இருந்த கோபத்தில்தான் வேலையைக் கற்றுக்கொண்டேன். மதியம் கடையில் ஆள் இருக்காது. வாசலில் நின்று, ஓடிவந்து டவுன் பஸ்ஸில் ஏறுகிறவர்களை எடுக்க ஆரம்பித்தேன். ஒருவர் படியில் தொற்றிக்கொண்டே திரும்பி, "ஏம்மா, என்னைய எதுக்குப் படம் புடிக்கிற? எம் பொண்டாட்டி ஏவிவிட்டாளா?" என்று சத்தம் போட்டார். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. கூசிப்போய் உள்ளே ஓடிவிட்டேன். மறுநாள் மறுபடி நின்றேன்.

ஷட்டர் வேகத்தைக் கூட்டக் கூட்ட, ஓடுகிறவனின் கால் அந்தரத்தில் அப்படியே நின்றது. கால் தரையில் இருந்தால் நிழல் காலோடு ஒட்டியிருக்கும். தூக்கியிருந்தால் காலுக்கும் நிழலுக்கும் நடுவே ஒரு கீற்று வெளிச்சம் தெரியும். முகம் கறுத்ததற்குக் காரணமும் பிடிபட்டது. கண்மாய்த் தரை உவர்மண், வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்துக் கேமரா மிரண்டு படத்தையே இருட்டாக்கிவிடுகிறது. கேமராவை நம்பாமல் முகத்துக்குத் தகுந்தபடி நானே வெளிச்சத்தைக் கூட்டி வைக்க வேண்டும். எடுத்ததைச் சரிபார்க்கத்தான் வழியில்லை. வெயிலில் ஸ்க்ரீனில் நம் முகம்தான் தெரியும். அதற்காகக் கடையில் படம் எடுக்கும்போது ஆளுக்குப் பின்னால் தொங்கும் நீலத் துணியைக் கழற்றிக்கொண்டு வந்து, தலையோடு போர்த்திக்கொண்டு பார்த்தேன்.

அடுத்த வருஷமும் என்னையே கூப்பிட்டார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து வேறு யாரும் அந்த வெயிலுக்கு வரச் சம்மதிக்கவில்லை என்று அந்தக் கேப்டனே என்னிடம் சொன்னான்.

கடைசி ஆட்டம் பக்கத்து ஊர் டீமோடு. கோயில் திருவிழாவில் ஏற்கெனவே முட்டிக்கொண்ட ஊர்கள். இரண்டு கேப்டன்களும் டாஸ் போடும்போதுகூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பந்து போடுகிறவனுக்குப் பின்னால் நான் நின்றதும் பக்கத்து ஊர்க்காரன் கத்தினான்: "அந்தம்மாவ அங்கிட்டுப் போகச் சொல்லுங்கப்பா, கேமரா கண்ணக் கூசுது." உள்ளூர்க்காரன் அதைவிடச் சத்தமாக, "அக்கா, எங்கயாச்சும் ஓரமாப் போங்க, ஒங்களால பஞ்சாயத்து வேணாம்" என்றான். மேற்கு எல்லைக்குப் போய், சுண்ணாம்புப் பொடிக் கோட்டை ஒட்டி, வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு குத்தவைத்தேன். என் இடத்திலிருந்து கோடு முழுதும் தெரிந்தது.

கடைசிப் பந்து. சிக்ஸர் போனால் பக்கத்து ஊருக்குக் கோப்பை, இல்லாவிட்டால் உள்ளூருக்கு. பந்து உயரே ஏறி என் பக்கமாக வந்தது. உள்ளூர்ப் பையன் அதன் பின்னாலேயே ஓடி, கோட்டருகில் எம்பிப் பிடித்தான். நான் ஷட்டரிலிருந்து விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தேன். தடதடவென்று படங்கள் அடுத்தடுத்து விழுந்தன.

"அவுட்டு!" என்று ஒரு பக்கம். "கோட்ட மிதிச்சிட்டான், சிக்ஸு!" என்று மறுபக்கம். அம்பயர் நடுவில் நின்று கையைப் பிசைந்தார். மிதித்த இடத்தைப் பார்க்கப் போனவர்கள் அந்தக் கோட்டையே மிதித்து அழித்துவிட்டார்கள். ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு நாலைந்து பேர் வந்தார்கள். யாரோ, "அந்தம்மா எடுத்துச்சு, அதுட்ட இருக்கு" என்றதும் மொத்தக் கூட்டமும் என்மேல் கவிந்தது.

"காட்டுக்கா."

"அது அவிங்க கூட்டியாந்த ஆளு, அழிச்சிரும், புடுங்குல கேமராவ."

கழுத்து வாரை ஒருவன் பிடித்து இழுத்தான். ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டினேன். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஆளுக்கொன்று பார்த்தார்கள்.

"பாரு, கோட்டுமேலதான் நிக்கிறான்."

"ஏலே, அது ஒம் மூஞ்சிதாம்லே. தெரியலயா?"

"கேப்டன்க ரெண்டு பேரு மட்டும் வாங்க" என்றேன். அவ்வளவு பேருக்கு நடுவில் நான் பேசியது அதுதான் முதல் தடவை. குரல் உடைந்து வந்தது. நீலத் துணியை எடுத்து இருவர் தலையிலும் ஒன்றாகப் போட்டேன். என் கையும் கேமராவும் மட்டும் துணிக்குள். கேமராவின் பித்தானெல்லாம் பார்க்காமலே விரலுக்குத் தெரியும்.

"தள்ளி நில்லுல, வேர்வ நாறுது."

"ஒனக்கு மட்டும் சந்தனமா மணக்குதோ?"

துணி விளிம்பைத் தூக்கி எட்டிப் பார்த்து, பையன் பிடித்த படத்துக்குப் போய்க் காலைப் பெரிதாக்கினேன்.

"பாத்துக்க. பந்து கையில இருக்கு. குதிகாலு மேல இருக்கு, நெழலு கீழ தனியாக் கெடக்கு. அவுட்டு" என்றது உள்ளூர்க்காரன் குரல். பிறகு வேகமாக, "போதும்க்கா, அணைங்க."

"எதுக்குல அணைக்கணும்? தடதடன்னு அடிச்ச சத்தம் கேட்டுச்சே. அடுத்து இருக்குல்ல?"

"அக்கா, எங்க ஊருக் கல்யாணமெல்லாம் ஒங்களுக்குத்தான் வருது. அணைங்கன்னேன்."

துணிக்கு வெளியே ஸ்டம்பு பிடித்திருந்தவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அணைக்கலாம் என்றுதான் ஒரு கணம் நினைத்தேன். இதே ஆள் என் மேஜைமேல் படங்களை எறிந்தது நினைவுக்கு வந்தது. அடுத்த படத்துக்கு அழுத்திவிட்டு மறுபடி எட்டிப் பார்த்தேன்.

அதில் பந்து இன்னும் கையிலேயே இருந்தது. குதிகால் கோட்டில் இறங்கியிருந்தது. சுண்ணாம்புப் பொடி பொரிபோலத் தெறித்திருந்தது. நிழல் காலோடு ஒட்டியிருந்தது.

துணி விலகியது. உள்ளூர்க் கேப்டன் முகமெல்லாம் வேர்வையோடு என்னைப் பார்த்தான்.

"போன வருசம் மாதிரியே கரியா எடுத்துத் தொலைச்சிருக்கலாம்ல?"

பக்கத்து ஊர்க்காரனாவது ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்தேன். "ரெண்டாவதையே மொதல்ல காட்டியிருந்தா என்ன? இம்புட்டு நேரம் நடிக்கிறீக" என்று சொல்லிவிட்டுத் தன் ஆட்களைப் பார்த்து, "சிக்ஸு!" என்று கத்திக்கொண்டு கோப்பைக்கு ஓடினான்.

பரிசளிப்பை எடுக்க யாரும் என்னைக் கூப்பிடவில்லை. துணியை மடித்தேன். இரண்டு பேர் வேர்வையும் சேர்ந்து ஊறியிருந்தது. ரோடு பிரியும் ரெட்டியபட்டி விலக்கு வரை நடந்து பஸ் ஏறினேன்.

உள்ளூர்க் கேப்டன் மிரட்டியபடியே அவன் ஊர்க் கல்யாணங்கள் அதற்குப் பிறகு எனக்கு வரவில்லை. வராமலே இருக்கட்டும். பொரிபோலச் சுண்ணாம்பு தெறிக்கும் அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு, கடைக்குள் வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும் இடத்தில் மாட்டியிருக்கிறேன். ஆளின் முகமும் அதில் தெளிவாக விழுந்திருக்கிறது.