பத்திரமாகக் கொண்டுவந்த கார்

பிளாஸ்டிக் கார் ஒட்டுகிற ஒரு மனிதனிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. "பேரப்பிள்ளைக்கோ?" என்பதுதான் அது. வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் ஃபிளாட்டில், லிஃப்டில் ஏறுகிற அத்தனை பேரும் என் கையிலிருக்கும் பார்சலைப் பார்த்து இதைத்தான் கேட்கிறார்கள். எனக்குத்தான் என்று உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். உடனே முகத்தில் ஓர் இரக்கம் வந்துவிடுகிறது, என் மனைவியைத் தனியாகக் கண்டால் சுகம் விசாரிக்கிறார்கள். இப்போதெல்லாம் "ஓம், பேரனுக்கு" என்று சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பேரன் இல்லை. அவனுக்கு என்ன வயது என்று கேட்டால்தான் தடுமாறிப் போகிறேன்.

எனக்குப் பிடித்தவை பழைய கிட்டுகள். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் வார்த்துப் பெட்டியில் போட்டு விற்ற சின்னக் கார்கள், இன்றைக்கு யாரும் தயாரிக்காதவை. பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்களில் துண்டுகள், கொடியில் காய் தொங்குவதுபோலத் தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் சட்டத்தில் ஓர் இலக்கம் இருக்கும். கூடவே ஒரு செய்முறைத் தாள். தாளைப் பார்த்து, இலக்கத்தைப் பார்த்து, துண்டை வெட்டி, வெட்டிய இடத்தில் நிற்கிற முள்ளை அராவி, ஒட்டி, பெயின்ட் அடித்தால் கார். சொல்ல எளிது. கடற்கரைப் பக்கத்து ஃபிளாட்டில் உப்புக்காற்றுக்குப் பெயின்ட் காயாது. காய்கிற நாளில், கீழே ரயில் போய் மேசை ஆடி, ஒட்டிய கண்ணாடி விழும். பசை மணத்துக்கு மனைவி குசினிக் கதவைச் சாத்துவாள். ஆனாலும் உண்மைக் கார் ஒன்றை இந்த ஊரில் வாங்க நினைப்பதைவிட இது புத்திசாலித்தனம் என்று நான் நினைக்கிறேன்.

இத்தனை வருடத்தில் நான் உண்மையாகவே ஆசைப்பட்ட கிட் ஒன்றே ஒன்றுதான். அது ஏ போட்டி என்று நாங்கள் சொல்லும் A40, அந்தக் காலத்து இங்கிலீஷ் கார்.

நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது எங்கள் ஒழுங்கையில் ஒரு டொக்டர் இருந்தார். அவரிடம் சாம்பல் நிற ஏ போட்டி கார் ஒன்று இருந்தது. காலையில் அது ஸ்டார்ட் வராது. மழை நாளில் நிச்சயமாக வராது. டொக்டர் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஸ்கூலுக்குப் போக யூனிஃபோர்மில் நிற்கிற எங்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். நான் பின்னால் நின்று டிக்கியைத் தள்ளுவேன். என் அக்கா டொக்டரின் கதவுப் பக்கம், கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளுவாள். கார் உறுமியதும் அவள் கைபிடியை விட மாட்டாள், பெரிய ரோட்டான காலி வீதி வரைக்கும் கூடவே ஓடுவாள். புகை முழுக்க எனக்கு. டொக்டர் கையசைப்பது முழுக்க அவளுக்கு.

அந்தக் காரின் கிட்டை இன்டர்நெட்டில் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். விற்கிறவன் உலகத்தில் எல்லா நாட்டுக்கும் அனுப்புவான், இலங்கைக்கு மட்டும் அனுப்ப மாட்டான். எழுதிக் கேட்டால் பதில் வராது. போன வருடம் கனடாவில் இருக்கிற அக்கா, பழைய சாமான் விற்கிற ஓர் இடத்திலிருந்து போனில் ஒரு படம் அனுப்பினாள். "தம்பி, இது நாங்கள் தள்ளின கார் எல்லே?" பெட்டி கிழியாமல், மேலே பெயின்டிங் படம் மங்காமல், அதே ஏ போட்டி. நான் போட்ட சத்தத்துக்கு மனைவி ஓடி வந்தாள். வாங்குங்கோ அக்கா, வாங்கிப் பத்திரமாக் கொண்டு வாங்கோ என்றேன். அடுத்த நாளும் எடுத்துச் சொன்னேன். அவள் புறப்படும் வரை நான் சொன்னதெல்லாம் பத்திரம், பத்திரம் என்ற ஒரே சொல்தான்.

கனடாவிலிருந்து வருகிற சூட்கேஸ் திறப்பது எங்கள் வீடுகளில் ஒரு சடங்கு. சொக்லெட், விட்டமின் குளிசை, சோப், யாரோ ஒருவர் இரண்டு தரம் போட்ட ஜக்கெட். எல்லாம் வெளியே வந்தன. பெட்டி வரவில்லை. கடைசியில் அக்கா ஒரு கம்பளிக் காலுறையை எடுத்து என் கையில் தந்தாள். உள்ளே சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகள்.

"ஒரு துண்டும் உடையேல்லை. பத்திரமாக் கொண்டந்தனான்," என்றாள்.

"பெட்டி?"

"பெட்டி எவ்வளவு இடம் பிடிக்குது தெரியுமே? உள்ளுக்குப் பாதி காத்து. அதை அங்கையே எறிஞ்சு போட்டன்."

"உள்ளுக்கு ஒரு பேப்பர்..."

"இங்கிலீசில என்னவோ எழுதிக் கிடந்தது. உனக்குத் தெரியாத காரே?"

நான் பைகளைப் பார்த்தேன். சட்டம் ஒன்றுகூட இல்லை. எல்லாத் துண்டுகளும் தனித்தனியாக, கச்சான் கடலையை உடைத்துப் போட்டதுபோல உதிர்ந்து கிடந்தன. இலக்கம் இருந்த சட்டங்கள் கனடாவின் குப்பையில். எது ஸ்டியரிங் தண்டு, எது எக்சோஸ்ட் என்று சொல்ல ஆண்டவன்தான் வர வேண்டும்.

"நான்தான் எல்லாத்தையும் கழட்டினனான். வேலையால வந்து ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா. உனக்கு வேலை மிச்சம்," என்று அக்கா சிரித்தாள்.

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிறையும் வரை அக்காவைத் திட்டினேன். வெளியே வந்தபோது கதவடியில் மனைவி நின்றாள்.

"வாய் திறந்தீங்களெண்டா இருக்கு உங்களுக்கு," என்றாள் தாழ்ந்த குரலில். "மச்சாள் குசினியில வெங்காயம் உரிச்சுக்கொண்டு என்ன சொன்னவ தெரியுமே? மகன் வீட்டில அவவை ஒண்டையும் தொட விடுறேல்லையாம். அடுப்பைத் தொட்டா, அம்மா தொடாதேங்கோ. வோஷிங் மெஷினைத் தொட்டா, அம்மா பழுதாக்கிப் போடுவீங்கள். இஞ்சை வந்துதான் கை அசைச்சுச் சமைக்கிறன் எண்டு சொல்லி அழுறா. இப்ப நீங்களும் போய், பழுதாக்கிப் போட்டீங்கள் எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

அக்கா கணவனை இழந்து மகனோடு இருக்கிறவள். அவள் எங்கள் குசினியில் ஏன் அப்படி விழுந்து விழுந்து சமைக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதால் கோபம் குறைந்ததா என்றால், இல்லை. கோபத்தை வைக்க இடமில்லாமல் போனது, அவ்வளவுதான். அக்காவுக்கு விஷயம் தெரியக் கூடாது என்பது வீட்டுச் சட்டமாகிவிட்டது.

அவளோ விடுகிற ஆளாக இல்லை. காலையில் தேத்தண்ணியோடு வந்து, "தொடங்கிட்டியே?" பின்னேரம் வந்து, "நான் போக முதல் முடிச்சுக் காட்டுவியே?" நான் துண்டுகளைத் தட்டில் கொட்டி வைத்துக்கொண்டு, ஓம் ஓம் என்று தலையாட்டினேன். செய்முறைத் தாள் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அந்தத் தாள் இருக்கிற ஓர் இடம் எனக்குத் தெரியும். அது எனக்கு இன்னும் பெரிய தலையிடி.

கொட்டாஞ்சேனையில் எனக்கொரு கூட்டாளி. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன். அவனும் கிட் சேர்க்கிறவன்தான், ஆனால் ஒட்டுவதில்லை. பெட்டியைச் சுற்றியிருக்கிற மெல்லிய கண்ணாடித்தாளைக்கூடப் பிரிக்க மாட்டான். அலுமாரி நிறையத் திறக்காத பெட்டிகள். திறந்தால் மதிப்புப் போய்விடுமாம். விற்கவும் மாட்டான். இதைப் பற்றி நானும் அவனும் சண்டை பிடிக்காத மாதம் கிடையாது. அவனிடம் அதே ஏ போட்டி ஒன்று பல வருடமாகத் தூங்குகிறது. போன் பண்ணி, தாளை மட்டும் போட்டோ எடுத்துத் தா என்று கெஞ்சினேன்.

"பெட்டிய தொறக்கணுமே மச்சான். அது மட்டும் கேக்காத."

நேரே போய்க் காலில் விழுவோம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை புறப்பட்டேன். கொட்டாஞ்சேனைப் பக்கம் கோயிலில் மெழுகுதிரி கொளுத்த வேண்டும் என்று அக்காவும் கூடவே வெளிக்கிட்டாள். வழியில் அவனுக்கு இரகசியமாக மெசேஜ் அனுப்பினேன்: அக்காவுக்கு முன்னால் பெட்டியின் மதிப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதே.

அவன் சொல்லவில்லை, பாவம். அக்காவுக்கு மரியாதை செய்ய, ஐஸ் போட்ட நெக்டோ சோடா கொண்டுவந்து வைத்து, அலுமாரியைத் திறந்து காட்டினான். ஏ போட்டிப் பெட்டியை வெளியே எடுத்து, குழந்தையைத் தருவதுபோல இரண்டு கையாலும் அவளிடம் தந்தான். அதுதான் அவன் விட்ட பிழை.

"இதுக்கை அந்தப் பேப்பர் இருக்குந்தானே?" என்றாள் அக்கா. கண்ணாடித்தாளில் நகத்தை வைத்தாள். சர்ரென்று ஒரு சத்தம். நானும் அவனும் ஒரே நேரத்தில் எழும்பினோம். அதற்குள் மூடி திறந்துவிட்டது.

"ஏன் இவ்வளவு நாளும் திறக்கேல்லை? நேரமில்லையோ?" என்று அவனைப் பார்த்துக் கேட்டாள்.

அவன் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். பழைய கிட்டுகளில் டயர் ஒருவித மெத்தென்ற ரப்பராக இருக்கும். அது நாட்பட்டால் தான் தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும், சூடான ஊரில் சொல்லவே வேண்டாம். நான்கு டயரும் காரின் கூரைக்குள் முழுசாக இறங்கியிருந்தன. எடுக்க முடியாது. அவன் மதிப்புப் போகக் கூடாதென்று காத்து வந்த சாமான், கண்ணாடித்தாளுக்குள் இருந்தபடியே தன்னைத்தானே தின்று முடித்திருந்தது. அவன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான்.

"பாத்தீங்களே, நான் திறந்தபடியாத்தான் தெரிஞ்சுது," என்றாள் அக்கா.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். தாளை அவன் தந்துவிட்டான், பெட்டியையும் தந்துவிட்டான், கண்ணில் படாமல் கொண்டு போ என்று. இன்றைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து எனக்குப் போன் பண்ணி, "உன் அக்கா வராம இருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்" என்கிறான். மற்றப் பெட்டிகளைத் திறந்து பார்த்தாயா என்று கேட்டால் போனை வைத்துவிடுகிறான்.

தாள் கிடைத்தும், அக்கா போகும்வரை காரை முடிக்க முடியவில்லை. மழை பிடித்துக்கொண்டது, பெயின்ட் அடிக்க வழியில்லை. விமானநிலையத்தில், "முடிச்சு எனக்குத்தான் முதல் காட்ட வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு மேசையில் உட்கார்ந்து, தாளைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு துண்டாக இனம் கண்டேன். அப்போதுதான் கவனித்தேன். ஒரு துண்டிலும் முள் இல்லை. சட்டத்திலிருந்து பிரித்த இடத்தில் நிற்கிற அந்தச் சின்ன முள்ளை அராவுவதுதான் இந்த வேலையிலேயே எனக்கு வெறுப்பான பகுதி. அவள் நகம் அராவுகிற அரத்தால் அத்தனையையும் அராவியிருந்தாள். வேலையால் வந்து, மகன் வீட்டில் கீழ் அறையில் ஒற்றை ஆளாக இருந்து, மயிரளவான துண்டுகளைக்கூட விடாமல். இத்தனை வருடத்தில் நான் ஒரு கிட்டையும் இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. எனக்கு அக்காவின்மேல் பாசம் பொங்கியது. குளியலறையில் திட்டியதற்கெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

அந்தப் பாசம் சில்வர் பெயின்டை எடுக்கும் வரைக்கும் நின்றது.

சாம்பல் நிறம் அழகாகக் காய்ந்துவிட்டது. கடைசி வேலை, பம்பருக்கும் கதவுக் கைபிடிகளுக்கும் சில்வர் பூசுவது. இந்தக் கிட்டில் கைபிடி தனித் துண்டு இல்லை, உடலோடு சேர்த்து வார்த்த ஒரு சின்ன மேடு. தூரிகையை நனைத்துக்கொண்டு கதவைப் பார்த்தேன். மற்றப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் சரித்து, விரலால் தடவிப் பார்த்தேன். மழமழவென்று இருந்தது. அக்கா அவற்றையும் முள் என்று நினைத்து அராவித் தள்ளியிருக்கிறாள். நாலு கதவுக்கும், ஒன்று விடாமல்.

தூரிகையை எறிந்தேன். சுவரில் பட்ட சில்வர் கறை இன்னும் இருக்கிறது. மனைவி வந்து பார்த்துவிட்டு, உதட்டில் விரலை மட்டும் வைத்துக் காட்டிவிட்டுப் போனாள்.

அன்றைக்கே அக்கா வீடியோ கோல் எடுத்தாள். காரைக் கமராவுக்கு முன்னால் பிடித்தேன். தூரத்தில் பிடித்தால் தெரியாது என்று நினைத்தேன். "கிட்டக் காட்டு," என்றாள். காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதே கார்தான்," என்றாள். பிறகு, "டொக்டரின்ட பக்கத்தைத் திருப்பு," என்றாள். திருப்பினேன்.

"தம்பி, நான் பிடிச்சுத் தள்ளுற கைபிடி எங்கை?"

மனைவி மேசைக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது.

"கைபிடி வைக்காமல் ஒரு காரைச் செய்து வித்திருக்கிறாங்கள்," என்று அக்காவே தொடர்ந்தாள். "விசரன்கள்."

"ஓம் அக்கா," என்றேன். "விசரன்கள்."

"நீ என்ன செய்யப் போறாய்?"

"ஊசியை வெட்டி ஒண்டு செய்து ஒட்டலாம் எண்டு பாக்கிறன்."

"வேண்டாம், வேண்டாம். நீ அவசரக்காரன், பழுதாக்கிப் போடுவாய். அப்பிடியே வை. அடுத்தமுறை வரேக்கை நான் செய்து தாறன்." திரையை நோக்கி விரலை நீட்டினாள். "அதுவரைக்கும் நீ தொடாதை, விளங்குதே?"

அவள் முகத்தில் அப்படியொரு அதிகாரத்தை நான் பல வருடமாகக் கண்டதில்லை. சரி அக்கா என்றேன். கார் இப்போது கண்ணாடி அலுமாரியில், கைபிடி இல்லாமல் நிற்கிறது. தூசு தட்டும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. நான் தொடவில்லை.