அண்ணன் விட்ட இடம்

இன்று காலை அம்மா பீரோவிலிருந்து அந்த அரக்குப் புடவையைத் தானே எடுத்துக் கட்டிலில் போட்டாள். சந்தோஷத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓரிக்கையில் கோர்ட்டு அக்காவின் மகளுக்கு முகூர்த்தம். தெருச் சண்டையை விலக்கப் போன என் அண்ணனை ஒருவன் குத்திக் கொன்றதிலிருந்து அம்மா எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை. கூப்பிட்டவர்களும் இல்லை. கொலை கேஸ் வீட்டுக்கு யார் வெற்றிலை பாக்கு கொண்டுவருவார்கள்? அக்கா கொண்டுவந்தார், தாம்பாளம் நிறைய!

அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. அவருடைய கணவரும் வெட்டுப்பட்டுச் செத்தவர்தான். அந்த வழக்கு முடிந்த பிறகும் அவர் கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. எங்களைப் போன்றவர்களின் வாய்தா நாளில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். அதனால்தான் அந்தப் பெயர். முதல் முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு எரிச்சல்தான். துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம், அவன் ஏன் அங்கே போனான் என்று துருவிவிட்டுப் போயிருந்தார்கள். இவரும் அதையே கேட்பார் என்று நினைத்தேன். அவர் தறியைப் பார்த்துவிட்டு, "உங்க புள்ள எப்படிம்மா நெய்வாரு?" என்றார்.

தறியில் அண்ணன் பாதி நெய்த அரக்குப் புடவை அப்படியே நின்றது. அம்மா யாரையும் தொட விடவில்லை. சோறு தண்ணீர் இல்லாமல் அதன் பக்கத்திலேயே கிடந்தாள். அவளும் போய்விடுவாளோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு அம்மா வாய் திறந்தாள். அண்ணன் பெயரைச் சொல்லியே பதில் சொன்னாள்.

பிறகு அக்கா அடிக்கடி வந்தார். ஒருநாள் அம்மாவைக் கேட்காமலேயே என்னைத் தறியில் உட்காரச் சொன்னார். கரை வேறு நிறத்தில் வரும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்ய, மற்றவர் பக்கத்திலிருந்து கரை நூலைக் கொண்டுபோகும் நாடாக் கட்டையைத் தள்ளுவார். அண்ணனுக்கு அம்மாதான் தள்ளுவாள். அந்த இடத்தில் அக்கா தைரியமாகப் போய் உட்கார்ந்தார். அவருக்கு நெசவில் ஒரு மண்ணும் தெரியாது. நாடா ஒரு பக்கம் போக, இழை ஒரு பக்கம் அறுந்து தொங்க, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூலையில் கிடந்த அம்மா விறுவிறுவென்று எழுந்து வந்தாள்.

"தள்ளுமா அந்தாண்ட. என் புள்ள கரைய நாசம் பண்ணிடுவ போலக்குது."

அக்கா உடனே எழுந்து இடம் விட்டார். அம்மா உட்கார்ந்தாள், நாடாவைத் தள்ளினாள், நான் நெய்தேன். அக்கா வேண்டுமென்றே கெடுத்தாரா என்று இதுவரை கேட்டதில்லை. கேட்டால் என்னிடம் சண்டைக்கு வருவார்.

இழையை அடித்து இறுக்குவதில் அண்ணனுக்குக் கனத்த கை, எனக்கு லேசான கை. என் அடி தொடங்கிய இடத்தில் புடவையின் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிட்டது. கடையில் எடுபடாது என்று அது எங்களிடமே தங்கிவிட்டது. வழக்கு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இன்று அம்மாவுக்கு நான்தான் கொசுவம் வைத்தேன். வெளியே ஆட்டோ வந்து நின்றுவிட்டது. அவசரத்திலும் அந்தக் கோடு தெரியாதபடி உள்ளே மடித்தேன். அம்மா கொசுவத்தை உருவி, கோடு முன்னால் வரும்படி மடித்து என் கையில் கொடுத்தாள்.

"மறைக்காதடி. அவன் வுட்ட எடத்துல நீ புடிச்சிக்கின. வெளிய தெரியட்டும்."